ஹெய்கிச்சியின் நாய்

அன்புள்ள நொபுயேவுக்கு,

நான் நலம். உன் இருமல் குறைந்ததா?

இங்கே சுரங்கம் சரிந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். பயப்படாதே, நான் அப்போது வெளியே இருந்தேன். கூட்டாளி ஹெய்கிச்சிதான் உள்ளே அகப்பட்டுக்கொண்டான். உடலைக்கூட எடுக்க முடியவில்லை. அவனுடைய நாய் தெட்சு, சோற்றைத் தொடாமல், பனியில் சுரங்க வாசலிலேயே படுத்துக் கிடந்தது.

மேஸ்திரி சொன்ன யோசனையைக் கேட்டால் சிரிப்பாய். "அவன் அறையில விட்டுட்டுப் போன கோட்டைப் போட்டுக்கிட்டுக் கூப்பிட்டுப் பாருடா, ஏமாந்து சாப்பிடும்!"

போட்டுக்கொண்டு கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. என் கையை முகர்ந்ததும் வால் நின்றுவிட்டது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. இன்று காலை விறைத்துக் கிடந்தது.

கம்பளிக் காலுறை அனுப்பு. விசேஷம் இல்லாவிட்டாலும் ஏதாவது எழுது. புத்தாண்டுக்கு அப்பா வருவார் என்று சுமியிடம் மட்டும் சொல்லி வைக்காதே. குழந்தை காத்துக்கொண்டே இருப்பாள்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.

ரியோசாகு