திறக்காத எட்டுக் கதவுகள்

அன்புள்ள குண்டூசிக்கு,

மணி ஒன்றரை. இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். குட்டி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். போனில் சொல்லியிருக்கலாம், என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

நீ அனுப்பிய வரைபடம் வந்தது. கணினி நினைவகத்தை நான்கு பேங்காக, அதாவது நான்கு தனித்தனிப் பகுதிகளாக, பிரித்தால் போதும் என்று பிரசவ விடுப்புக்கு முந்தின நாள்வரை நான் மல்லுக்கட்டினேன். நீ எட்டாக்கி, தாமதத்தைப் பாதியாக்கிவிட்டாய். "மூணு மாசமா நின்ன வண்டி ஒரே வாரத்துல ஓடுது" என்று தலைவர் எல்லார் முன்னாலும் சொன்னாராமே. என் நாற்காலியையும் உன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாயாம். வாழ்த்து என்று ஒரு வரி அனுப்பினேனே, அதை அடிக்க அரைமணி நேரம் ஆனது. வயிறு எரிந்தது, குண்டூசி.

அந்த எரிச்சலில்தான் ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று அதோடு நீ அனுப்பிய லாக் ஃபைலை, சோதனைப் பதிவை, துழாவினேன். கிடைத்தது. நீ சோதனைக்குக் கொடுத்த தரவு நான் ஓட்டிய பெரிய தரவு இல்லை. மிகச் சின்னது, முழுவதும் கேஷுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. முதல் சுற்றுக்குப் பிறகு ஒரு கோரிக்கைகூடக் கீழே நினைவகம்வரை இறங்கவில்லை.

இவரிடம் சொன்னேன். புரியவில்லை என்றார். தொட்டில் பக்கத்துக் கூடையில் நாலு துணி வைத்திருக்கிறோமே, அது கேஷ். மற்றதெல்லாம் உள்ளறை அலமாரி. பேங்க் என்பது அந்த அலமாரியின் கதவு, எட்டுக் கதவு இருந்தால் ஒருவருக்காக மற்றவர் நிற்க வேண்டாம் என்றேன். "அப்போ அவ கூடையிலேருந்தே எடுத்துட்டு அலமாரி சூப்பர்னு சொல்றாளா?" என்று சிரித்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "சரி, அதுக்கு நீ ஏன் லாட்டரி அடிச்சவ மாதிரி இருக்கே?" என்றார்.

அது திங்கள்கிழமை. வெள்ளியன்று நீ இந்த முடிவோடு மேலிடத்தின் முன் நிற்கப்போகிறாய். தெரிந்தும் மூன்று நாள் சும்மா இருந்தேன். நீ அங்கே திணறுவதை, "அவ இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது" என்று யாராவது சொல்வதை, பால் கொடுக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

இன்றுதான் உன் மெயிலை முழுசாகப் படித்தேன். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி நீ ஒரு தடவை பார்த்துடு, உன் கண்ணு பட்டா எனக்குத் தைரியம்" என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். நான் வரைபடத்தையும் லாக் ஃபைலையும் திறந்ததோடு நின்றுவிட்டேன்.

பெரிய தரவில் ஓட்டு. என் நான்கையும் அதே தரவில் ஓட்டு. எட்டுதான் ஜெயிக்கும் என்று எனக்கே தோன்றுகிறது. அப்படியானால் அதை நீயே என்னிடம் சொல். வேறு யார் வாயாலும் நான் கேட்க வேண்டாம். நாற்காலி இறக்கியபடியே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொன்று போட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்.

சீக்கிரம் பதில் போடு.

உன்,
வாயாடி