சுதாவின் அனுமதி இன்னும் நீக்கப்படவில்லை

மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து எனக்கும் நாற்காலி பிடித்து வைக்கிற என் சுதாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். தாமதம்தான், திட்டிக்கொள். என் குட்டி இனியாவுக்கு லேசாகக் காய்ச்சல், இப்போதுதான் தூங்கினாள். ஒரு வரி எழுதுவதும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருக்கிறேன். பிம்ப்ரி தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து இவர் வர நேரமாகும். இன்று வகுப்பில் நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

நாம் சேர்ந்து உருவாக்கிய அந்த இரண்டு நாள் பயிற்சியை இப்போது நான் ஒருத்தியே நடத்துகிறேன். இந்த முறை ஹடப்சர் அலுவலகத்தில் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் பாதுகாப்பை வடிவமைக்கிற பதினான்கு ஆர்க்கிடெக்டுகள். எந்த சாஃப்ட்வேரை வாங்கலாம் என்பதிலேயே எல்லோருக்கும் கண். உன் பாணியில்தான் ஆரம்பித்தேன். ஜீரோ டிரஸ்ட் கடையில் வாங்குகிற பொருள் இல்லை. ஆபீசுக்குள் இருக்கிறார் என்பதற்காக ஒருவரை நம்பிவிடாமல், ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு முறையும் கேட்பது. எனவே திட்டத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டியது, யாருக்கு எதைத் திறக்க அனுமதி இருக்கிறது என்ற பட்டியல்.

பயிற்சிக்கென்று நாம் தனியாக அமைத்த கம்ப்யூட்டர் லேபையே அவர்களிடம் கொடுத்து, பாதுகாப்பில் ஓட்டை தேடச் சொன்னேன். பத்தே நிமிடம். சென்னைக்காரர் செந்தில் கை தூக்கினார்.

"மேடம், யாரு மேடம் இந்த சுதா? பத்து மாசமா உள்ளயே வரல. ஆனா எல்லாத்தையும் தொறக்கிற பர்மிஷன் அப்படியே இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ 'இவங்களுக்கு இது இன்னும் தேவையா'ன்னு சிஸ்டம் கேட்டிருக்கு. மூணு தடவயும் 'தேவை'ன்னு தட்டியிருக்காங்க. யாரு மேடம் அந்தப் புண்ணியவான்?"

மற்றவர்களுக்காக அதையே இந்தியிலும் சொன்னார். வகுப்பே சிரித்தது.

"நான்தான்" என்றேன்.

"ஓ, எங்களுக்காக வேணும்னே வச்ச பொறியா? செம மேடம்!"

கை தட்டினார்கள், சுதா. நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். மாலையிலிருந்து என்னை ஓரிடத்தில் உட்காரவிடாதது அந்தப் பொய்தான்.

உன் கம்பெனி லாகினை நீ போன மூன்றாம் நாளே மூடிவிட்டார்கள். லேபுக்கு மட்டும் நாம் இருவர்தானே பொறுப்பு? முதல் முறை 'இன்னும் தேவையா' என்று மெயில் வந்தபோது, நீ மருத்துவமனையில் கிடந்த பதினோரு நாளும் கண்முன் வந்து நின்றன. 'தேவை' என்று தட்டினேன். நீ இருந்திருந்தால், "புள்ளைய விட்டிருக்கிற கிரெஷ் கேமராவ நாளைக்கு நாப்பது தடவ பாக்கறவ, ஒரு மெயில ஒழுங்கா படிக்க மாட்டியாடி?" என்று கிழித்திருப்பாய். படித்தேனடி. மூன்று முறையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் தட்டினேன்.

இவர்கள் நாளை மறுநாள் தத்தம் இடத்துக்குப் போய் நிஜமாகவே திட்டம் போடப் போகிறவர்கள். பழைய லாகின் அலட்சியத்தால்தான் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். மனசு வராமலும் மிஞ்சும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கூட வேலை பார்த்தவரின் அனுமதியைச் சரிபார்க்க வெளியாள் ஒருவரைப் போட வேண்டும் என்று நம் பாடத்தில் ஒரு வரிகூட இல்லையே. நாம் ஏன் அதை யோசிக்கவே இல்லை?

யாருக்கும் தெரியாமல் இன்றே நீக்கிவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். சிஸ்டம் காரணம் கேட்டது. வேறு டீமுக்குப் போனார், வேலையை விட்டார், மற்றவை. மூன்றில் எதை அழுத்துவது? அப்படியே மூடி வைத்துவிட்டேன். நீக்கியிருந்தாலும் அந்தப் பொய் வகுப்பில் அப்படியேதான் இருந்திருக்கும்.

நாளை காலை, யாரும் தங்கள் திட்டத்தைப் பேச எழுவதற்கு முன், அவர்கள் எதிரில் உன் பெயரைத் திறப்பேன். அது பொறி இல்லை என்று செந்திலிடம் சொல்வேன். 'மற்றவை'யை அழுத்தி, பக்கத்துக் காலிக் கட்டத்தில், சுதா இறந்துவிட்டாள் என்று எழுதுவேன். இதுவரை நான் எங்கேயும் எழுதாத வாக்கியம். எழுதிவிடுவேன். சத்தியம்.

இனியாவுக்கு நீ பெரியம்மா என்றால், உனக்குத் தங்கையேதான்,
காயத்ரி