மணலால் மூடிய வாடிகள்

10 பெப்ரவரி, திங்கள்
புத்தளம்வரை பஸ்ஸில் நின்றே போனேன். கணினியில் படம் செய்யும் எங்கள் கடையில் புது வேலை: எங்கள் உடப்புக் கரையில் வரப்போகும் ஹோட்டலுக்கு ஒரு குட்டி அனிமேஷன். ட்ரோனில் எடுத்த படத்தில் கரைவலை இழுக்கும் மீனவர் தங்கும் வாடிகள், ஓலைக் கொட்டில்கள், வரிசையாக நிற்கின்றன. கூரைக்கு நீலத் தறப்பாள் போட்டது அப்பாவுடையது.

முதலாளி இப்ஹாம் நானா பின்னால் வந்து நின்றார். "அந்தக் கொட்டில்கள எல்லாம் எடுத்துடுங்க தங்கச்சி. வெறுங்கரையாக் காட்டணுமாம்."

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்?

11 பெப்ரவரி
படத்தில் மணலில் ஒரு துண்டை வெட்டி, அதையே நிறம்போல எடுத்து, வாடிகளைத் தெரிவுசெய்து அவற்றின்மேல் நிரப்பினேன். ஒரு சொடுக்கு. வாடி இல்லை. ஆனால் துண்டில் கிடந்த தென்னைமட்டையும் எல்லா இடத்திலும் வந்து விழுந்தது. பொய் என்று குழந்தைக்கும் தெரியும். துண்டைப் பெருப்பித்து, திருப்பி, ஓரங்களைக் கரைத்து — பகல் முழுக்க அதுதான்.

அப்பாவின் வாடியைக் கடைசியாக மூடினேன். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

13 பெப்ரவரி
சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஹோட்டலுக்குக் கரையக் குடுக்கிறதா எண்டு முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டமாம் பிள்ள. அந்தக் கரையில ஆருமே தொழில் செய்யிறதில்லையெண்டு ஹோட்டல்காரர் படம் போட்டுக் காட்டப் போறாங்களாம்."

நான் செய்தது விளம்பரம் இல்லையா? சாட்சியா?

14 பெப்ரவரி
நானாவிடம் கேட்டேன். படம் நேற்றே போய்விட்டதாம்.

"நமக்கு என்னத்துக்கு அவங்கட கதை?"

"அதில எங்கட அப்பாட வாடி இருந்தது நானா."

கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இது தெரியாதும்மா. ஆனா வெளிய சொன்னா, நம்மட கடைக்கு ஆரு வருவான்?"

வாடிகள் அழியாத மூலப் படத்தை என் ஃபோனில் ஏற்றினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை.

15 பெப்ரவரி
அப்பாவிடம் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன். முடியவில்லை.

16 பெப்ரவரி, ஞாயிறு
மண்டபம் நிறைய ஆட்கள். படம் ஓடியது. வெறும் மணல், பிறகு ஹோட்டல்.

கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யோகேஸ்வரன் மாமா எழும்பினார். "எங்கட வாடியெல்லாம் எங்க?"

"படம் எடுக்கேக்க அங்க ஒண்டும் இருக்கேல்ல" என்றார் ஹோட்டல் கம்பனிக்காரர். முகம் மாறாமல்.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. "இருந்தது. நான்தான் அழிச்சன்."

பிரதேச செயலகத்திலிருந்து வந்திருந்த மிஸ்ஸிடம் ஃபோனைக் கொடுத்தேன். அவர் விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். முடிவெடுக்காமலே கூட்டத்தைக் கலைத்தார்கள்.

அப்பா வீடுவரை முன்னால் நடந்தார். ஒருதரமும் திரும்பவில்லை.

17 பெப்ரவரி
நானா கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

21 பெப்ரவரி
அப்பா பேசுவதில்லை. அம்மாவிடம் மட்டும், "அவளுக்கு எங்கட வாடி எதெண்டு தெரியாதாமா?" தெரியும் அப்பா. தெரிந்துதான்.

3 மார்ச், திங்கள்
நானா கூப்பிட்டார். போனேன். கரையைச் செயலகமே புதிதாகப் படம் எடுத்திருக்கிறது. அந்தப் படத்தில் ஒவ்வொரு வாடிமேலும் சொந்தக்காரரின் பெயரை நாங்கள் எழுத வேண்டுமாம்.

"வேற ஒண்டையும் தொடவேணாமாம்" என்றார் நானா, என் முகத்தைப் பார்க்காமல்.

திறந்தேன். ட்ரோன் சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே வந்திருக்கிறார்கள். பெரிதாக்கினேன். சாரத்தை மடித்துக் கட்டியபடி அப்பா, வாடி வாசலில், அண்ணாந்து பார்க்கிறார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இன்றுவரை என்னோடு ஒரு சொல் பேசாத மனிதர்.

ஒரு கையைத் தூக்கி ஆட்டுகிறார்.