நீ காப்பாற்றும் வாக்கு

டூலூத், மினசோட்டா
டிசம்பர் 20

அன்புள்ள ப்ரிட்டா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். போனில் என் எண்ணை நீ தடுத்துவிட்டதால், அரிசோனாவில் உன் அப்பா வீட்டுக்கு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

இங்கே ஏரிக்கரை உறைந்துவிட்டது. நேற்று கடையில் உன் அம்மாவைப் பார்த்தேன். நான் ஒளிவதற்குள் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். நீ அவரிடம் எதுவும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நாம் இருவரும் ஆசைப்பட்ட அந்தக் கல்லூரி நம் பள்ளியிலிருந்து வருடத்துக்கு ஒருவரைத்தான் எடுக்கும் என்பார்கள். அதனால் அங்கே ஏர்லி டிசிஷனில், அதாவது இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன் என்று முன்கூட்டியே கேட்கும் முறையில், நீ விண்ணப்பம் போடுவது, நான் பாஸ்டனில் வேறொரு கல்லூரிக்குப் போடுவது என்று உன் காரில் உட்கார்ந்து பேசி முடித்தோம். கடைசி நாளில் நானும் அங்கேயே மாற்றிப் போட்டேன், உன்னிடம் மூச்சுவிடவில்லை. எனக்கு இடம் கிடைத்தது. உன்னை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள். உன் சாப்பாட்டை நான் தின்றுவிட்டது போல இருக்கிறது.

உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ வேற ஒரு காலேஜுக்கும் அனுப்பல மார்னி. எடம் குடுத்தா கண்டிப்பா வர்றேன்னு கையெழுத்துப் போட்டாச்சாம். இப்ப வேற எடத்துல போட்டா வாக்குத் தவறினதாயிடுமாம். நீ சொன்னாத்தான் கேப்பா."

நான் சொன்னால் கேட்பாயாம். அங்கேயே அழுதுவிட்டேன். தோழியை நினைத்து அழுகிறேன் என்று அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அடி பைத்தியமே, உன்னைத் தள்ளி வைத்த அன்றே அந்தக் கையெழுத்து செல்லாமல் போய்விட்டது. நம் பள்ளி ஆலோசகர் மிஸஸ் ஹால்வர்சனின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். நீ எங்கே வேண்டுமானாலும் போடலாம், இடம் கிடைத்ததால் கட்டுப்பட்டவள் நான்தான் என்றார். நான் விலகினால் ப்ரிட்டாவுக்குக் கிடைக்குமா என்றும் கேட்டேன். அப்படியெல்லாம் மாற்றித் தரமாட்டார்கள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது ப்ரிட்டா. அந்த நிம்மதிக்காகவே என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்குக் கொடுத்த வாக்கை நான் ஒரே நாளில் காற்றில் பறக்கவிட்டேன். நீ யாரும் கேட்காத வாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

என்னை மன்னிக்க வேண்டாம். பேசவும் வேண்டாம். ஜனவரி பிறப்பதற்குள் மற்ற கல்லூரிகளுக்கு விண்ணப்பங்களை அனுப்பிவிடு. அடுத்த இலையுதிர் காலத்தில் நான் அங்கே பெட்டியை இறக்கும்போது, நீயும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு விடுதி வாசலில் பெட்டியை இறக்க வேண்டும். என்னைத் திட்டிக்கொண்டே இறக்கு.

உன் தோழி என்று எழுதி அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
மார்னி