கீழத்தெருவுக்கு வந்த தாளாளர்

கீழத்தெரு,
ஸ்ரீவைகுண்டம்.
16.2.1997

பாசமுள்ள பாக்கியசீலன் அண்ணனுக்கு,

தங்கை ஞானவடிவு எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாராவியில் குழாயடியில் மதினி படுகிற பாட்டைக் கேட்டு, இங்கே ஆறு நிறையத் தண்ணீர் போகிறதே என்று ஒரு பாட்டம் அழுதாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று மதினியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்ன காரியத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்காரனை மறந்துவிட்டுப் பம்பாய்க்குப் புறப்பட்டு வா, இங்கே தமிழ்ப் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்கவில்லை என்று மட்டும்தானே போன வருஷம் உங்களுக்கு எழுதினேன். நடந்ததை எழுத அப்போது எனக்குக் கை வரவில்லை. இப்போது வருகிறது. வாசித்துவிட்டு, பிறகு சொல்லுங்கள் நான் மறக்கலாமா என்று.

ஜூன் மாதம் புது மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. உங்கள் பணத்தில் எடுத்த நீலச் சேலையைத்தான் கட்டிப் போனேன். தாளாளர் கோமதிசங்கர் என் சர்ட்டிபிகேட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். முதல் வகுப்பு, பி.எட்டிலும் முதல் வகுப்பு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எந்த ஊரும்மா?" என்றார். ஸ்ரீவைகுண்டந்தான் சார் என்றேன். "அட, நம்மூரா! எந்தத் தெரு?" என்றார். கீழத்தெரு என்றேன். மலர்ந்த முகம் பாதியில் நின்றது. "வாய்க்காலுக்கு இங்கனயா, அங்கனயா?" என்றார். அங்கன சார் என்றேன்.

அவ்வளவுதான் அண்ணே. கணக்கில் ஒரு கேள்வி கிடையாது. பைலை மூடி, பேனா முனையால் என் பக்கம் தள்ளினார், கையால் தொடாமல். அந்த நேரம் பார்த்துக் காபி வந்தது. இன்டர்வியூவுக்கு வந்திருந்த மற்ற இரண்டு பேருக்கும் எவர்சில்வர் தம்ளரில் வந்தது. எனக்கு மட்டும் பியூன் வெளியே போய் ஒரு பிளாஸ்டிக் கப்பைத் தேடி எடுத்து வந்தான். நான் குடித்தேன். வேலை வேண்டுமே என்று குடித்தேன்.

அப்படியும் அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. "பரீட்சார்த்தமா ஒரு வாரம் பாடம் எடுங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றார். ஒரு வாரம் இரண்டு வாரமாகி, மாதமே ஓடிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நான்தான் கணக்கு. பிள்ளைகள் என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். ஜூலை பிறந்ததும் அறைக்குக் கூப்பிட்டார். "பாடம் நல்லாத்தான் எடுக்குதிய. ஆனா பெத்தவங்க ஒத்துக்கணும்லா? நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" என்றார். எடுத்த பாடத்துக்குச் சம்பளமாவது கொடுங்கள் சார் என்றேன். சிரித்தார். "இது இன்டர்வியூதானம்மா? இன்டர்வியூவுக்குச் சம்பளம் எந்த ஊர்ல குடுக்கான்?" என்றார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு பஸ் ஸ்டாண்டில் பாத்துவைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் என்னோடு பி.எட். படித்தாளே, அவள்தான். அறிவியல் பாடத்துக்கு அவளையும் அதே மாதிரி ஒரு மாதம் எடுக்க வைத்து, முக்காட்டை எடுத்துவிட்டு வந்தால் யோசிக்கலாம் என்று அனுப்பியிருக்கிறார். அவளுக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. அந்தப் பள்ளிக்கூடமே இன்டர்வியூவில்தான் ஓடுகிறது அண்ணே. இரண்டு பேருமாகக் கல்வி அதிகாரிக்கு மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. பாத்து விட்டுவிட்டாள். நான் விடவில்லை. பள்ளிக்கூட வாசல் வழியாக அவர் கார் போகும்போதெல்லாம் நின்று பார்த்தேன். கண்ணில் படட்டும் என்றே நின்றேன்.

என் இடத்தில் அவர் தன் அக்கா மகனைப் போட்டார். அந்தத் தம்பி படித்தது பி.காம். அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பு கணக்கில் பாதிக்கு மேல் பெயில். அதில் ஒருத்தி ப்ரியா. தாளாளரின் ஒரே மகள். சேதி கேட்ட அன்று நான் கருப்பட்டி வாங்கிப் பணியாரம் சுட்டேன். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டாள். சும்மாதான் என்றேன்.

பொங்கல் கழிந்து அவரே வந்தார். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் கார் வராதல்லவா? வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடை தாண்டி, தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்க, நடந்து வந்தார். முன்னறையில் அப்பாவின் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். அம்மாவிடம் காபி போடச் சொன்னேன். நாம் எல்லோரும் குடிக்கிற தம்ளரில்தான் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் அவசரமாக, "சீனி வியாதிம்மா, வேண்டாம்" என்றார். அம்மா, உள்ளே போய்ச் சீனி போடாமல் ஒன்று கொண்டுவா என்றேன். கொண்டுவந்தாள். ஜன்னலில் நாலு பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் கையையே பார்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார் அண்ணே.

பிறகுதான் பேச்சை எடுத்தார். நிரந்தர வேலை, முழுச் சம்பளம், முன்னால் பாடம் எடுத்த மாதத்துக்கும் சேர்த்துத் தருகிறேன், நாளைக்கே வாருங்கள் என்றார். நான் அவரிடம், "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. "நம்மூர்தானம்மா" என்றார். "எந்தத் தெருல இருந்து வாரிய?" என்றேன். அப்போது விளங்கிவிட்டது. தலை குனிந்தது. "வாய்க்காலுக்கு இங்கனயா, அங்கனயா?" என்றும் கேட்டேன். விடவில்லை. பதில் வரும்வரை காத்திருந்தேன். "அங்கன" என்று சொன்னார், அவர் வாயால்.

உங்கள் பள்ளிக்கூடத்து வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுந்தார், போகவில்லை. மகளுக்காவது சொல்லிக் கொடுங்கள், பரீட்சைக்கு நாள் இல்லை என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. "புள்ள இங்கன வரட்டும். நம்ம தெருப் புள்ளைகளோட பாயில உக்காந்து படிக்கட்டும். பரீட்சார்த்தமா ஒரு வாரம். பிறகு பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

மறுநாளே வந்தாள். அவள் வருவதைப் பார்த்து மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். பாத்துவையும் கூப்பிட்டுக்கொண்டேன். வீடு போதாமல் சர்ச் வராந்தாவுக்கு மாறிவிட்டோம். பிள்ளைகளின் தகப்பனார்கள் வந்து என்னைக் கும்பிடுகிறார்கள். இவர்கள்தான் ஒத்துக்க மாட்டார்கள் என்றார் அவர்! இரண்டு பேர் நேரே பள்ளிக்குப் போய், அந்த டீச்சரை ஏன் அனுப்பினீர் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார்களாம். தாளாளர் தினமும் பாலத்தடியில் காரில் காத்துக் கிடக்கிறார். டீக்கடை கோமு அக்கா போய், "அண்ணாச்சி, புள்ள வர நேரமாகும், ஒரு டீ குடிக்கியளா?" என்று கேட்டுவிட்டு வருகிறாள். தெருவே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன்.

நம் சர்ச் உபதேசியார் என்னைத் தனியே கூப்பிட்டு, மன்னிப்பதுதான் நமக்கு அழகு ஞானவடிவு என்றார். ரிசல்ட் வரட்டும் உபதேசியாரே, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

ப்ரியா மோசமில்லை. புத்தி இருக்கிறது, பயந்த பிள்ளை. ஒருநாள் எல்லோர் முன்னாலும், "டீச்சர், எங்கப்பா ஏன் தெருக்குள்ள வர மாட்டேங்காரு?" என்று கேட்டாள். அப்பாவிடமே கேள் என்றேன். மறுநாள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. வழக்கமாகக் கொண்டுவருகிற தண்ணீர்ப் பாட்டிலையும் கொண்டுவரவில்லை. நம் பானையில் மொண்டு குடித்துவிட்டு, நம் தெருப் பிள்ளை சுடலைவடிவு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்குள் என்னவோ செய்தது. ஆனாலும் நான் விடப்போவதில்லை. அவளைக் கணக்கில் முழு மார்க் வாங்க வைப்பேன். ஊரே அவர் வீட்டுக்கு வந்து, யாரிடம் படித்தாள் என்று கேட்கட்டும். அவர் நடுவீட்டில் நின்று அவள் என் பெயரையும் என் தெருவையும் சொல்லட்டும். அதை அவர் காதால் கேட்க வேண்டும். எனக்குச் சேர வேண்டிய சம்பளம் அதுதான்.

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு எழுதும்போது இதைக் குறிப்பிடாதீர்கள். போன சனிக்கிழமை நம் வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்து இரண்டு ஓடு உடைந்தது. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து காய் விழுந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நேற்று பாத்துவை வழிமறித்து, இந்தத் தெருவுக்கு எங்கள் பிள்ளைகள் வருவதை நிறுத்து, இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்று இரண்டு பேர் மிரட்டியிருக்கிறார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியும். அவள் இன்றைக்கும் வந்தாள். நானும் வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் எழுதும்போது முதுகுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கிறேன்.

பரீட்சை முடியும்வரை நான் பம்பாய்க்கு வருவதாக இல்லை. இனிமேல் அப்படி எழுதாதீர்கள் அண்ணே. லீவு கிடைத்தால் நீங்கள் ஒரு பத்து நாள் இங்கே வாருங்கள். ஓடு மாற்ற ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் செய்ய வேண்டாம். நான் பாடம் எடுக்கும்போது வராந்தா வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருங்கள், போதும்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். எனக்காக நீங்கள் ஜெபிப்பதைப் பம்பாயில் இருந்து செய்யாமல், ரயில் ஏறிய பிறகு செய்யுங்கள்.

உங்கள் வரவுக்காகக் கதவைத் தாழிட்டுக் காத்திருக்கும்,
தங்கை
ஞானவடிவு