நீலத்தை மறைக்க ஆரஞ்சு

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடைக்கு வந்த ஓர் அம்மா, தன்னுடையது வறண்ட சருமம்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். மூக்கில் டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்துக் காட்டினேன். அதில் விளக்கேற்றலாம். "அது எண்ணெய் இல்லம்மா, முகக்களை" என்றார். நூல்காரி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். புருவம் திருத்துகிறவள் அவள். நூலை வாயில் கடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள் என்பதால் அந்தப் பெயர்.

என் மகள் குட்டிக்கு முன்பல் ஆடுகிறது. நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். நாளைக்கு ஒரு கல்யாணப் பெண் ட்ரையல் மேக்கப்புக்கு வருகிறாள்.

மார்ச் 5, புதன்

எழுதினாலாவது படபடப்பு நிற்குமா என்று பார்க்கிறேன்.

அந்தப் பெண் சின்னவள். கலவைச் சருமம். நெற்றியும் மூக்கும் பளபள, கன்னம் மட்டும் காய்ந்துபோய். இப்படிப்பட்ட முகத்தில் ஒரே க்ரீமை முழுக்கப் பூசினால் மூக்கில் வழியும், கன்னத்தில் திட்டுத்திட்டாகப் பிளக்கும். கன்னத்துக்கு ஈரப்பசை க்ரீம் வைத்து ஊறவிட்டேன். மூக்கைச் சுற்றி எண்ணெயை இழுக்கிற ப்ரைமர். தாடையோரம் மூன்று ஃபவுண்டேஷனைக் கோடு போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் எது தோலோடு தோலாகக் காணாமல் போகிறதோ அதை எடுத்தேன். ஏன், எதற்கு என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிடித்துப்போயிற்று எனக்கு.

"அக்கா, அவர் கோட்டு கலரைப் பாத்துட்டு லிப்ஸ்டிக் முடிவு பண்ணலாமா?" என்று ஃபோனை நீட்டினாள்.

அவன்.

மீசையை எடுத்திருக்கிறான். மற்றபடி அவனேதான். என்னோடு நான்கு வருஷம் வாழ்ந்தவன். குட்டியின் அப்பா.

"அவருக்கு இது ரெண்டாவது கல்யாணம்கா. மொதல்ல கட்டினவங்களுக்கு மனநிலை சரியில்லையாம். குழந்தையைத் தூக்கிட்டு சொல்லாம கொள்ளாம போயிட்டாங்களாம். அதைச் சொல்றப்போ அழுதுட்டார், பாவம்."

"அழுதாரா?" என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலையை இந்த ஊருக்கே மாற்றிக்கொண்டு வருகிறானாம். இந்த ஊருக்கு! கோர்ட்டில் விவாகரத்து வாங்கி, நம்பர் மாற்றி, ஊர் மாறி, குட்டியைப் பள்ளிக்கூடத்தில் என் பெயரை மட்டும் போட்டுச் சேர்த்து...

ஐலைனர் கோடு இழுத்த இழுப்பில் வந்தது. அவள் போன பிறகு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

"ஏம்மா ஜன்னலையெல்லாம் சாத்தறே? வேர்க்குது" என்கிறாள் குட்டி.

மார்ச் 7, வெள்ளி

அந்தப் பெண்ணை வேறு யாருக்காவது மாற்றிவிடச் சொல்லி முதலாளியம்மாவிடம் கேட்டேன். "அது உன்னைத்தான் வேணும்ங்குது. கை ராசின்னு நினைச்சுக்கோயேன்" என்று சிரித்தார். காரணம் சொல்ல வாய் வரவில்லை. நான் விவாகரத்தானவள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

நூல்காரியிடம் சொன்னேன். நூல் அப்படியே கையில் நின்றது.

"சொல்லிடலாமாடி அந்தப் பொண்ணுகிட்ட?"

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கப் போறியா? நீ சொன்னா அது நேரா அவன்கிட்டத்தான் போய்க் கேக்கும். அப்புறம் நீ எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். உனக்குப் பொண்ணு இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

சரிதான். எனக்குப் பெண் இருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்தப் பெண்ணும் யாரோ ஒருத்தியின் பெண்தானே.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டாவது ட்ரையல். வரவேற்புக்குக் கையில்லாத கவுன். போட்டுக் காட்டினாள். இடது மேல்கையில் கன்றிப்போன தடம்.

"பஸ்ல கம்பி இடிச்சுருச்சு. இதை மறைக்க முடியுமாக்கா?"

கம்பிக்கு விரல் கிடையாது. வெளிப்பக்கம் நான்கு, உள்பக்கம் கட்டைவிரல். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டானா? என்னிடம் அவ்வளவு அவசரப்படவில்லை.

புதுக்காயம் நீலமாக இருக்கும். அதன்மேல் தோல் நிறத்தைப் பூசினால் சாம்பலாகத் தெரியும். முதலில் ஆரஞ்சு நிற க்ரீம் வைத்து நீலத்தைக் கொல்ல வேண்டும். பிறகுதான் ஃபவுண்டேஷன், ஒற்றி ஒற்றி, தேய்க்காமல். கடைசியில் பவுடர். இதெல்லாம் நான் எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. என் குளியலறையில் கற்றுக்கொண்டேன்.

சுத்தமாக மறைந்துவிட்டது. "அய்யோ, மேஜிக்!" என்று கண்ணாடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. நான் இன்றைக்கு யாருக்கு வேலை செய்துகொடுத்தேன்? அவனுக்கு.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

முகத்துக்குப் பேக் போட வந்திருந்தாள். பாதி துடைத்துக்கொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறந்தது. என் இடது மணிக்கட்டில் தினமும் பூசுவதை க்ளென்சர் போட்டு அழித்துக் காட்டினேன். இஸ்திரிப்பெட்டி முனை. முக்கோணமாக இருக்கிறது இன்னமும்.

"உன் கையில இருக்கறது கம்பி இல்லம்மா. அது யாரோட கைன்னு எனக்குத் தெரியும்."

முதலில் புரியவில்லை அவளுக்கு. புரிந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"அந்தப் பைத்தியம் நீங்கதானா?"

ஒரு கன்னத்தில் பேக் காய்ந்தபடியே இறங்கிப் போய்விட்டாள். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

ஏன் சொன்னேன்? கடவுளே, ஏன் சொன்னேன்? குட்டியைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தேனா?

மார்ச் 15, சனி

கடை ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

"எப்படி இருக்கே?" என்றான். அன்பாகக் கேட்டான். அந்த அன்பான குரலுக்குப் பின்னால்தான் எப்போதும் அடி வரும். "குழந்தை வளந்திருப்பாளே. எந்த ஸ்கூல்?"

வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கை ரிசீவரை விடவில்லை. நூல்காரிதான் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

கல்யாணம் இன்று. பெண் வீட்டார் என்னை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. காலையில் மேக்கப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியம்மா முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்... பெட்டியை இப்படிக் குடு. நீ வீட்டுக்குப் போ."

அவரே போனார். சாயங்காலம் ஃபோன் செய்தார். கல்யாணம் நடந்துவிட்டது. பெண் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கையில் தடம் மஞ்சளாக மாறியிருந்ததாம். கழுத்தில் புதிதாக ஒன்று.

மார்ச் 17, திங்கள்

குட்டியை நூல்காரியின் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் கூட்டிப்போகிறார். தலைமையாசிரியையிடம் கோர்ட் தீர்ப்பின் நகலைக் கொடுத்து, நானோ அந்த அம்மாவோ வராமல் குட்டியை யாரோடும் அனுப்பக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். போலீஸிலும் சொல்லி வைத்தேன். "இன்னும் ஒண்ணும் நடக்கலையேம்மா" என்றார் அங்கிருந்தவர். நடக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள் போல.

மார்ச் 26, புதன்

பயம்.

ஏப்ரல் 3, வியாழன்

கடைக்கு எதிரே ஒரு சாம்பல் நிறக் கார். இன்று இரண்டு முறை. கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஆள் தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு எண்ணெய்ச் சருமத்துக்குப் போடுகிற மேட் பவுடரை வறண்ட கன்னத்தில் போட்டுவிட்டேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தப்பை நான் பழகும்போதுகூடச் செய்ததில்லை.

ஏப்ரல் 12, சனி

இப்போதுதான் உட்கார்கிறேன். வரிசையாக எழுத முயல்கிறேன்.

மத்தியானம் கதவு திறந்தது. அவன். அவன் பக்கத்தில் அவள், முகமெல்லாம் கனமான மேக்கப்போடு, கன்னத்தில் வெடித்து வெடித்து.

"என் ஒய்ஃபுக்கு ஒரு ஃபங்ஷன். நல்லா பண்ணி விடுங்க" என்றான் என்னைப் பார்த்துச் சிரித்து. "ஃபீல்டுல நீங்கதான் பெஸ்ட்னு சொன்னா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பழைய ஆளுங்க எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டுப் போலாம்னுதான்" என்றாள். அவனுக்கு அது இனித்தது. தொடையில் தட்டிச் சிரித்தான்.

உள்ளே வந்து உட்காரப் பார்த்தான். நூல்காரி குறுக்கே நின்றாள். "சார், உள்ள லேடீஸ் இருக்காங்க. நீங்க வெளியே சோஃபால உக்காருங்க." திரையை இழுத்துவிட்டாள்.

திரை மூடியதும் அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போயிற்று. என் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி.

"அக்கா, இங்க பின்வாசல் இருக்கா?"

தலையாட்டினேன். மருந்துக்குக்கூட வீட்டைவிட்டு வெளியே விடுவதில்லையாம். ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொண்டானாம். அம்மா வீட்டில், அனுசரித்துப் போ என்றார்களாம். கடைசியில் அவனிடமே சொல்லியிருக்கிறாள்: அந்தப் பைத்தியக்காரி முன்னால் நான் எவ்வளவு நன்றாக இருக்கிறேன் என்று காட்ட வேண்டும், கூட்டிப் போங்கள் என்று. அதை மட்டும் அவனால் மறுக்க முடியவில்லை.

"போலீஸ்க்குப் போகணும்கா. இதோட போனா நம்புவாங்களா?" என்று தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அப்படியே போனால் நம்ப மாட்டார்கள். மேக்கப்புக்கு மேல் ஒரு காயமும் தெரியவில்லை. பஞ்சை எண்ணெயில் நனைத்து எடுத்தேன். காய்ந்த கன்னம், வீங்கியும் இருக்கிறது, தேய்க்கக் கூடாது. வைத்து, ஊறவிட்டு, வழித்தேன். ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு நிறம் வெளியே வந்தது. கண்ணுக்குக் கீழே நீலம். தாடையில் பச்சை. அவள் சத்தம் போடாமல் அழுதாள். நான் அழவில்லை, அழுதால் கை தடுமாறும்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வெளியிலிருந்து குரல்.

"பேஸ் போட்டுட்டு இருக்கேன் சார்."

என் குரலா அது!

நூல்காரி அவளைப் பின்பக்கச் சந்து வழியாகத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் ஹேர் டிரையரைப் போட்டேன். காலி நாற்காலிக்கு முன்னால் நின்று பேசினேன். "கண்ணை மூடிக்கோங்கம்மா. கொஞ்சம் மேல பாருங்க. சிரிங்க." எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. டிரையர் சூடு என் கையிலேயே அடித்துக்கொண்டிருந்தது.

திரை கிழிகிற மாதிரி திறந்தது.

நாற்காலியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சுவர்க் கண்ணாடியில் எதையோ எடுத்து வீசினான். கழுத்தைப் பிடித்து என்னை அலமாரியோடு சேர்த்து அழுத்தினான். அந்தக் கைக்கு இன்னும் அதே சோப்பு வாசனை. முதலாளியம்மா கத்தின கத்தலில் பக்கத்துக் கடைத் தையல்காரர் கழுத்தில் டேப்பும் கையில் பெரிய கத்தரிக்கோலுமாக ஓடி வந்தார். "விடுறா கையை!" பாவம், சாதாரணமாக ஜாக்கெட் அளவு எடுக்கவே கூச்சப்படுகிற மனுஷன். பின்னாலேயே தெருவில் பாதிப் பேர்.

விட்டான். காருக்குப் போவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. முதலாளியம்மா எப்போதோ கூப்பிட்டிருக்கிறார். உடைந்த கண்ணாடி, என் கழுத்து, பார்த்தவர்கள் இத்தனை பேர். அங்கே ஸ்டேஷனில் மேக்கப் இல்லாத ஒரு முகம். இந்தத் தடவை "ஒண்ணும் நடக்கலையே" என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கழுத்தில் தடம் எழும்பியிருக்கிறது. கை பழக்கத்தில் ஆரஞ்சு டப்பாவைத் திறந்துவிட்டது. மூடி வைத்தேன். நாளைக்கு டாக்டர் பார்த்து எழுதட்டும்.

மே 9, வெள்ளி

ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். ஊருக்குள் வரக் கூடாது என்று நிபந்தனையாம். நிபந்தனை என்பது ஒரு தாள். அந்தப் பெண் அவள் சித்தி வீட்டில் இருக்கிறாள். ஃபோன் செய்து, கதவைத் தாழ் போட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். நானும் அதையே கேட்டேன்.

ஜூன் 5, வியாழன்

கோர்ட். நானும் அவளும் சாட்சி சொன்னோம். அவனுடைய வக்கீல் மூன்று முறை கேட்டார், எனக்கு மனநிலைச் சிகிச்சை நடந்ததா என்று. "இல்ல சார்" என்று மூன்று முறையும் சொன்னேன். மூன்றாவது முறை நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

அப்போதுதான் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தேன். கூட வாழ்ந்த காலத்தில் அதை நேராகப் பார்த்ததே இல்லை. எந்த நேரத்தில் மாறும் என்று ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. இன்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். வறண்ட சருமம். நெற்றி உரிந்திருக்கிறது. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் மேலுதடு முழுக்க வியர்த்திருந்தது.

அவனும் பயப்படுகிறான்.

அடுத்த வாய்தா ஆகஸ்டில். வெளியே படியில் உட்கார்ந்தோம். யாரும் எங்களைத் தேடி வரவில்லை.

"அக்கா, உங்களுக்கு இன்னும் பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு. உனக்கு?"

"இருக்கு. ஆனா பசிக்குது."

எனக்கும் பசித்தது. எழுந்து போய் எதிர்க் கடையில் ஆளுக்கு ஒரு தட்டு இட்லி வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டோம். இன்னொரு தட்டும் வாங்கினோம்.