ஒரு விநாடி நீயும் வந்தாய்

கிட்டுவுக்கு,

போனில் நீ வாய் திறப்பதே உன் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம், அந்தக் குவார்ட்டர்பேக்கைப் பற்றித்தான். அதனால் அவர் ஜெயித்த கோப்பைகள், நடித்த விளம்பரங்கள், தலைகாட்டிய சினிமாக்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். எதிர்வீட்டு ராகவேந்திரா, “எழுபது வயசுல நக்கோ சார், வேண்டாம் இதெல்லாம்” என்று சிரிப்பார்.

நேற்று அவருடைய கடைசி ஆட்டத்தைப் பற்றிய படம் பார்த்தேன். கூட்டத்தைக் காட்டினார்கள். அதில் நீ.

தேதியும் போட்டார்கள். அம்மாவின் பத்தாம் நாள். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதால், உன் விரலில் ஏறவேண்டிய தர்ப்பையை நான் போட்டுக்கொண்ட நாள்.

அம்மா போனதைச் சொன்னபோது உன் குரல் கொஞ்சமும் உடையவில்லை. உனக்கு அழ வராது என்று நினைத்திருந்தேன். உன் நட்சத்திரம் ஆட்டத்திலிருந்து விடைபெற்றபோது தேம்பித் தேம்பி அழுதாயே, நன்றாகத்தான் வருகிறது.

இதுவரை உன் அப்பா